பாட்டியைப் பற்றி எழுதுங்கள், தம்பி

பழங்குடி எழுத்தாளர்களைக் கைதூக்கி விடுகிறவன் என்று கோவை இலக்கிய வட்டாரத்தில் எனக்கு ஒரு பெயர் உண்டு. யாரும் தானாக வந்து வைத்த பெயரில்லை. மேடைக்கு மேடை நானே சொல்லிச் சொல்லி நிலைநாட்டிக்கொண்டது. நான் நடத்தும் சிற்றிதழில் வருடத்துக்கு ஒரு பழங்குடிச் சிறப்பிதழ் போடுவேன். அட்டையில் மலை இருக்கும், மலைமேல் மேகம் இருக்கும். நாம் கேட்கத் தவறிய குரல்களுக்குச் செவிகொடுப்போம் என்ற ரீதியில் தலையங்கம் இருக்கும். அந்தக் குரல் என்ன பேச வேண்டும் என்பதை மட்டும் நான் முன்கூட்டியே முடிவு செய்து வைத்திருப்பேன். இந்தக் கட்டுரை அதைப் பற்றியது.

அப்படி நான் கைதூக்கி விட்டவர்களில் ஒருவர், ஆனைகட்டிக்குப் பக்கத்தில் ஒரு பதியை, அதாவது பழங்குடிக் குடியிருப்பைச் சேர்ந்த இளைஞர். இருளர். காந்திபுரத்திலிருந்து போகிற பஸ் ஆனைகட்டியோடு நின்றுவிடும், உள்ளே இருக்கிற பதிகளுக்கு ஜீப்தான். அந்த ஜீப்புகளில் ஒன்றை ஓட்டுகிறார். சவாரி இல்லாத நேரத்தில் ஸ்டியரிங் மேல் நோட்டை வைத்துக்கொண்டு எழுதுவார். பெயரைச் சொல்லப்போவதில்லை. என் கட்டுரைகளில் அவர் பெயரை ஏற்கெனவே வேண்டிய மட்டும் செலவழித்துவிட்டேன்.

அவர் எனக்கு அனுப்பிய முதல் கதை ஒரு நகைச்சுவைக் கதை. பல்கலைக்கழக ஆராய்ச்சி மாணவர் ஒருவர் ஆதிப் பாடல் சேகரிக்க ரெக்கார்டரோடு பதிக்கு வருகிறார். மறுநாள் அங்கே கல்யாணம். பந்தல் வேலை நடந்துகொண்டிருக்கிறது, யாருக்கும் நேரமில்லை. கடைசியில் ஒரு பாட்டி மாட்டுகிறாள். வெற்றிலைக் கட்டையும் ஐந்நூறு ரூபாயையும் வாங்கி மடியில் முடிந்துகொண்டு, பழைய எம்.ஜி.ஆர் படப் பாட்டு ஒன்றை இழுத்து இழுத்துப் பாடுகிறாள். ஊர்ப் பேச்சில் நாலு வார்த்தையை மாற்றிப்போட்டு, நடுநடுவே ஒரு 'ஹோய்' சேர்த்துக்கொள்கிறாள். மாணவருக்குக் கண் கலங்குகிறது. என்ன அர்த்தம் என்று கேட்கிறார். பக்கத்தில் உட்கார்ந்திருக்கும் பேரன் முகத்தில் ஒரு சுருக்கம் இல்லாமல், மலைத்தேனீ கூடு மாறிப்போகும்போது மூதாதைகள் பாடியது என்கிறான். மாணவர் ஆய்வேட்டை முடித்து டாக்டர் ஆகிறார். நன்றி மறக்காத ஆள், தடித்த பைண்டு போட்ட பிரதி ஒன்றைக் கொண்டுவந்து பாட்டி கையில் கொடுக்கிறார். பாட்டி பக்கம் பக்கமாகப் புரட்டிவிட்டுக் கேட்கிறாள்: "ஏஞ்சாமி, இதுல எம்.ஜி.ஆர் படம் போடலியா?"

படித்துவிட்டு வாய்விட்டுச் சிரித்தேன். சிரித்து முடித்துவிட்டுத் திருப்பி அனுப்பினேன். என்ன எழுதினேன் என்பது நன்றாக ஞாபகம் இருக்கிறது. நடை நன்றாக இருக்கிறது தம்பி, ஆனால் இந்த மாதிரிக் கதையை யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாம், உங்களால் மட்டும் எழுதக்கூடியது ஒன்று இருக்கிறது, பாட்டியைப் பற்றி எழுதுங்கள், காட்டைப் பற்றி, பசியைப் பற்றி எழுதுங்கள் என்று.

யார் வேண்டுமானாலும் எழுதிவிடலாமாம். அந்தக் கதையை நான் எழுதியிருக்க முடியாது. ரெக்கார்டரோடு வந்தவரும் எழுதியிருக்க முடியாது. பாட்டிக்குப் பக்கத்தில் சிரிப்பை அடக்கிக்கொண்டு உட்கார்ந்திருந்தவனுக்கு மட்டுமே அது வரும். இது அன்றைக்கே எனக்குத் தெரியும். தெரிந்தேதான் திருப்பினேன். காரணம், அந்த ரெக்கார்டர்.

தொண்ணூறுகளில் நானும் ஒரு டேப் ரெக்கார்டரைத் தோளில் மாட்டிக்கொண்டு அதே மலைகளில் அலைந்தவன். அதில் ஒரு புத்தகம் வந்தது. அட்டையில் என் பெயர். பாடிய பாட்டிகளுக்கு உள்ளே 'தகவலாளிகளுக்கு நன்றி' என்று ஒற்றை வரி, அவ்வளவுதான், ஒருவர் பெயர்கூடக் கிடையாது. ஜீப் டிரைவரின் கதையைத் திருப்பி அனுப்பிய அன்று இரவு அந்தப் புத்தகத்தை எடுத்துப் புரட்டினேன். ஒரு பாட்டின் சந்தம் எங்கேயோ தியேட்டரில் கேட்ட மாதிரி இருந்தது. மேற்கொண்டு பார்க்கத் தைரியம் வராமல் மூடி வைத்துவிட்டேன்.

என் கட்சிக்காரர்கள் உலகம் பூராவும் இருந்திருக்கிறார்கள். ஆஸ்திரேலியாவில் டேவிட் யுனைபன் என்று ஒருவர், நாரிண்ட்ஜெரி மக்களைச் சேர்ந்தவர், 1872-இல் பிறந்தவர். 1920-களில் தன் மக்களின் கதைகளையும் அண்டை மக்களின் கதைகளையும் திரட்டி எழுதினார். கையெழுத்துப் பிரதியை வாங்கிய பதிப்பகம் அதன் உரிமையை வில்லியம் ராம்சே ஸ்மித் என்கிற வெள்ளைக்கார டாக்டருக்கு விற்றுவிட்டது. 1930-இல் ராம்சே ஸ்மித் பெயரில் புத்தகம் வந்தது, எழுதியவர் பெயர் இல்லாமல். யுனைபன் 1967-இல் இறந்தார். 1995-இல் அந்த நாட்டு ஐம்பது டாலர் நோட்டில் அவர் முகத்தை அச்சடித்தார்கள். அவர் எழுதிய புத்தகம் அவர் பெயரிலேயே வந்தது 2001-இல்தான். முகத்துக்குக் கிடைத்த மரியாதை பெயருக்குக் கிடைக்க இன்னும் ஆறு வருடம் ஆகியிருக்கிறது.

ராம்சே ஸ்மித்தைத் திட்டி நான் ஒரு கட்டுரையே எழுதியிருக்கிறேன். என் புத்தகம் அப்போதும் அலமாரியில் அதே அட்டையோடுதான் இருந்தது.

இத்தனைக்கும் நல்ல முன்மாதிரி பக்கத்து மலையிலேயே இருக்கிறது. 1930-களில் நீலகிரியில் கோத்தர் மொழியை ஆராய்ந்தவர் எம்.பி.எமனோ. 1944 முதல் 1946 வரை கலிபோர்னியாவில் நான்கு பகுதிகளாக அவர் வெளியிட்ட கோத்தர் கதைகளைச் சொன்னவர் சுல்லி என்ற ஒரே மனிதர், கோத்தர். அட்டையில் எமனோ பெயர்தான். ஆனாலும் கதை யாருடையது என்று அவர் மறைக்கவில்லை. அதனால்தான் இன்றைக்கு என்னால் சுல்லி என்று எழுத முடிகிறது. நான் பதிவு செய்த பாட்டிகளில் ஒருவர் பெயரைச் சொல்லுங்கள் என்று கேட்டால் நான் விழிப்பேன்.

ஜீப் டிரைவருக்கு வருகிறேன். கொஞ்ச நாளில் இரண்டாவது கதை வந்தது. தாத்தாவை யானை அடித்துவிடுகிறது. உடலைக் கொடுக்காமல் வனக்காவலர் அலைக்கழிக்கிறார். பாட்டி இரவெல்லாம் சாவுப்பாட்டு பாடுகிறாள். நான் கேட்டிருந்த எல்லாம் அதில் இருந்தது. உடனே போட்டேன். கதையில் வில்லும் இல்லை அம்பும் இல்லை, ஓவியரிடம் சொல்லி ஒரு வில் அம்பு வரைந்து வாங்கினேன். கதைக்கு முன்னால் கிட்டத்தட்ட அதே நீளத்துக்கு என் அறிமுகக் குறிப்பு. வாசகர் கடிதங்கள் குவிந்தன. இரண்டு தொகுப்புகளில் சேர்த்துக்கொண்டார்கள்.

பிறகொரு நாள் ஆனைகட்டி டீக்கடையில் தாத்தாவைப் பற்றி விசாரித்தேன். துக்கம் கேட்கிற குரலில்தான்.

"தாத்தாவா? சர்க்கரைங்க சார். காலு அழுகிப்போச்சு. கோயமுத்தூர் பெரியாஸ்பத்திரில வெச்சிருந்து பாத்தோம்."

"அப்ப யானை?"

"யானை வருமுங்க. வாழையெல்லாம் முறிச்சுப் போட்டுட்டுப் போகும். தாத்தாவ ஒண்ணும் பண்ணல." டீயை ஒரு வாய் குடித்துவிட்டுச் சொன்னார்: "நீங்க கேட்டீங்களேன்னு எழுதுனனுங்க."

கதை என்றால் கற்பனைதானே, அதில் என்ன தப்பு என்று கேட்கலாம். கற்பனை அவருடையதாக இருந்திருந்தால் தப்பே இல்லை. அது என்னுடைய கற்பனை. அவர் கையெழுத்தில் இருந்தது, அவ்வளவுதான். சோகமே எழுதக்கூடாது என்று நான் சொல்லவரவில்லை. அந்தப் பகுதியில் யானையால் சாவு நடக்கத்தான் செய்கிறது. ச.பாலமுருகனின் 'சோளகர் தொட்டி' 2004-இல் வந்தது. வீரப்பன் தேடுதல் வேட்டையில் சோளகர்கள் பட்ட சித்திரவதையை எழுதியது. அவர் சோளகர் இல்லை, வழக்கறிஞர். பட்டவர்களோடு மனித உரிமை இயக்கத்தில் நின்று, அவர்கள் சொல்லச் சொல்லக் கேட்டு எழுதினார். அங்கே துயரம் ஏற்கெனவே இருந்தது, அதைக் கேட்க ஓர் ஆள் போனார். நான் சிரித்துக்கொண்டு வந்தவனிடம் துயரத்தை ஆர்டர் கொடுத்துச் செய்து வாங்கினேன். 2011 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பழங்குடியினர் 7.94 லட்சம் பேர். அத்தனை பேருக்கும் சேர்த்து என் இதழ் ஒதுக்கியிருந்தது ஒரே ஓர் உணர்ச்சி.

அடுத்தது, அந்தக் கதைக்காக அவருக்கு விருது கொடுத்த விழா. ஏற்பாட்டில் என் பங்கும் உண்டு. நஞ்சியம்மாவுக்குத் தேசிய விருது அறிவிக்கப்பட்டது 2022 ஜூலையில். அட்டப்பாடி இருளர், 'அய்யப்பனும் கோஷியும்' படத்தில் பாடியவர். அதற்குப் பிறகு இருளர் யாரைப் பார்த்தாலும் ஒரு பாட்டுப் பாடச் சொல்வது எங்கள் ஊர்ப்பக்கம் வழக்கமாகிவிட்டது. விழாவில் பொன்னாடை போர்த்தி முடிந்ததும் தொகுப்பாளர் ஆரம்பித்தார், அப்படியே உங்கள் மண்ணின் பாட்டு ஒன்று என்று. ஜீப் டிரைவர், "எனக்குப் பாட வராதுங்க" என்றார். அடக்கம் என்று நினைத்துச் சபை கைதட்டியது. அவருக்குப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தவன் நான். ஒரு சிறுகதை ஆசிரியரைக் கதைக்காகக் கூப்பிட்டுவிட்டுப் பாடச் சொல்வது அசிங்கம் என்று சொல்லியிருக்க வேண்டிய ஆள். மைக்கை அவர் பக்கம் நகர்த்தி வைத்தேன்.

இத்தனைக்கும் ஹான்ஸ்டா சௌவேந்திர சேகரின் 'தி ஆதிவாசி வில் நாட் டான்ஸ்' கதையை நான் கூட்டத்துக்குக் கூட்டம் புகழ்ந்து பேசியவன். 2015-இல் வந்த தொகுப்பு. தன் மக்களின் நிலத்தைப் பிடுங்கிக் கட்டப்போகும் அனல்மின் நிலையத்தின் அடிக்கல் நாட்டு விழாவில், குடியரசுத் தலைவர் முன்னால் ஆட மாட்டேன் என்று மறுக்கிறார் மங்கல் முர்மு என்கிற சந்தாலிக் கலைஞர். எழுதியவரும் சந்தாலி, ஜார்க்கண்டில் அரசு மருத்துவர். 2017-இல் அந்த மாநில அரசு புத்தகத்தைத் தடை செய்து, அவரை வேலையிலிருந்து இடைநீக்கமும் செய்தது. டிசம்பரில்தான் தடை நீங்கியது. அவருக்காகக் கண்டன அறிக்கையில் கையெழுத்துப் போட்டேன். அதே கைதான் மைக்கை நகர்த்தியது.

அவர் எழுந்தார். தொண்டையைச் செருமிக்கொண்டு பாடினார். மெதுவாக, இழுத்து இழுத்து. முதல் வரி முடிவதற்குள் எனக்குத் தெரிந்துவிட்டது. எம்.ஜி.ஆர் பாட்டு. நாலு வார்த்தை மாறியிருந்தது. இரண்டாவது வரியின் முடிவில், என்னைத் திரும்பிப் பார்க்காமல், ஒரு 'ஹோய்' போட்டார். சபை நிசப்தமாகிவிட்டது. முன்வரிசையில் ஒரு பேராசிரியர் கண்ணாடியைக் கழற்றிக் கண்ணைத் துடைத்துக்கொண்டார். அந்த அரங்கில் அந்தக் கதையைப் படித்திருந்த இன்னொருவன் நான் மட்டும்தான், ஏனென்றால் அது அச்சாகாமல் பார்த்துக்கொண்டவனும் நான்தான். எல்லோரோடும் சேர்ந்து எழுந்து நின்று கைதட்டினேன்.

அதற்கு மேலும் ஒன்று செய்தேன். இந்தக் கட்டுரையில் எழுதுவதற்கு எனக்கு மிகவும் கூசுவது அதுதான். விழா பற்றி எங்கள் இதழில் வந்த செய்தியில், அவர் பாடிய தொல்பாடல் கேட்டோரை உருக்கியது என்று ஒரு வரி இருந்தது. அதை மெய்ப்புத் திருத்தியவன் நான். ஒரு ஒற்றுப்பிழையை மட்டும் திருத்தி அச்சுக்கு அனுப்பினேன்.

பொன்னாடையோடு அவரை பஸ் ஏற்றிவிட்டோம். அன்றைய சவாரி போனதற்கு யாரும் ஒன்றும் கொடுக்கவில்லை. கொடுக்க வேண்டும் என்று எனக்குத் தோன்றவும் இல்லை.

அவராக என்னிடம் கேட்ட உதவி ஒன்றே ஒன்று. ஆதிதிராவிடர், பழங்குடியின எழுத்தாளர்கள் நூல் வெளியிடத் தமிழ்நாடு அரசு நிதி உதவி தருகிறது. கதைகளை டி.டி.பி. செய்து, சான்றிதழ் நகல்களை இணைத்து விண்ணப்பிக்க வேண்டும். பழங்குடிச் சான்றிதழ் என்றால் கோட்டாட்சியர் கையெழுத்து. அவரிடம் அது இருந்தது. படிவத்தை நிரப்பவும் டைப் செட்டிங்குக்கும்தான் என்னிடம் வந்தார். என் அலுவலகத்தில் கம்ப்யூட்டர் இருக்கிறது, டைப் செய்ய ஆள் இருக்கிறது. "பார்க்கலாம் தம்பி" என்றேன். அப்போது நான் பழங்குடி இலக்கியம் குறித்த கருத்தரங்கு ஒன்றுக்குக் கட்டுரை தயார் செய்துகொண்டிருந்தேன். கருத்தரங்கு நல்லபடியாக முடிந்தது. விண்ணப்பத் தேதியும் முடிந்துபோனது. முகவுரை எழுது என்றால் அன்றைக்கே உட்கார்ந்துவிடுகிற எனக்குப் படிவம் நிரப்பக் கை வரவில்லை. படிவத்தில் என் பெயர் வராதல்லவா.

பழங்குடி எழுத்தாளர்களுக்கு இடம் கிடைக்கிற ஊரும் பக்கத்திலேயே இருக்கிறது, எல்லை தாண்டினால் கேரளம். நாராயணின் 'கொச்சரேத்தி' 1998-இல் வந்தது. மலையரையர், தபால் துறையில் வேலை பார்த்தவர். தன் மக்களை மற்றவர்கள் எழுதுகிற லட்சணம் பிடிக்காமல்தான் நாவல் எழுத உட்கார்ந்தார். அடுத்த வருடம் கேரள சாகித்திய அகாடமி விருது. அவருக்குப் பிறகு வயநாட்டில் சுகுமாரன் சாலிகத்தா ராவுளர் மொழியில் கவிதை எழுதுகிறார். மறையூரில் அசோகன் முதுவான் மொழியில் எழுதுகிறார். இவர்களுக்கு இடம் கொடுத்த மலையாளப் பத்திரிகைகளை நான் பாராட்டியிருக்கிறேன், பொறாமையும் பட்டிருக்கிறேன். ஆஸ்திரேலியாவில் ப்ரூம் என்கிற ஊரில் 1987 முதல் மகாபாலா என்று ஒரு பதிப்பகம் நடக்கிறது. பூர்வகுடிகளே நடத்துவது, எந்தக் கதை வெளியே போகலாம் என்பதைக் கதைக்குச் சொந்தக்காரர்கள் முடிவு செய்வது. அதைப் பற்றியும் ஒரு தலையங்கம் எழுதினேன். ஆனைகட்டிப் பதிகளில் ஒன்றுக்குக்கூட எங்கள் சிறப்பிதழ் போனதில்லை. சந்தாதாரர் பட்டியலில் அந்தப் பின்கோடே கிடையாது. எழுதியவருக்கு ஒரு பிரதி அனுப்புவோம், ஜீப்பின் டேஷ்போர்டில் கிடக்கும். அவருடைய பாட்டியும் பக்கத்து வீட்டுப் பையன்களும் அதைப் படிப்பார்கள் என்று ஒருபோதும் நினைத்ததில்லை. யாருக்காக அச்சடித்தேன் என்று கேட்டால், கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டாரே, அவருக்காக.

விழாவுக்குப் பிறகு ஜீப் டிரைவர் எனக்கு எதுவும் அனுப்பவில்லை. எழுதுவதை விட்டுவிட்டார் போல என்று நண்பர்களிடம் வருத்தப்பட்டுச் சொன்னேன். ஆதரவு இல்லாமல் எத்தனை திறமைகள் வீணாகின்றன பாருங்கள் என்று ஒரு கூட்டத்தில் உதாரணமாகவும் காட்டினேன்.

அவர் விட்டுவிடவெல்லாம் இல்லை. போன வருடம் ஆனைகட்டியில் ஜீப்புக்குக் காத்திருந்தபோது வேறொரு டிரைவர், "உங்க நாடகம் பாத்தீங்களா சார்?" என்று செல்போனை நீட்டினார். பதியில் மாரியம்மன் நோம்பிக்குப் போட்ட நாடகம். எங்கள் ஜீப் டிரைவரும் பதிப் பையன்களும் சேர்ந்து நோம்பிக்கு நோம்பி இப்படி ஒன்று போடுகிறார்களாம். அதே கதை. பாட்டி வேடத்தில் சேலை கட்டிக்கொண்டு அவரே நடித்தார். ரெக்கார்டரோடு வருகிறவர் இப்போது மாணவராக இல்லை. ஜிப்பா போட்டிருந்தார், ஜோல்னாப் பை மாட்டியிருந்தார், கண்ணாடி மூக்கு நுனியில் நின்றது. பாட்டி வாயைத் திறப்பதற்கு முன்பே "அற்புதம், அற்புதம்" என்றார். அந்த வேடத்தில் நடித்தது ஒரு கல்லூரிப் பெண். நரைத்த மீசைக்காக மேலுதட்டில் சுண்ணாம்பு தடவியிருந்தாள். கூட்டம் உருண்டு புரண்டு சிரித்தது. ஒரு கிழவி எழுந்து வந்து பாட்டியின் மடியில் வெற்றிலைக் கட்டு ஒன்றைப் போட்டுவிட்டுப் போனாள்.

நன்றாக இருந்தது. என் இதழில் இத்தனை வருடம் வந்த எந்தச் சிறப்பிதழைவிடவும் நன்றாக இருந்தது. ஊருக்கு வந்ததும் போன் செய்தேன்.

"தம்பி, அந்த நாடகத்த நம்ம இதழ்ல போடலாம். அப்படியே, ஒரு எழுத்துக்கூட மாத்தாம."

"பக்கத்துக்கு எவ்வளவுங்க சார் குடுப்பீங்க?"

அச்சகத்துக்குக் கொடுக்கிறேன், காகிதக் கடைக்குக் கொடுக்கிறேன், பைண்டருக்குக் கொடுக்கிறேன். எழுதியவர் யாரும் என்னிடம் இப்படிக் கேட்டதில்லை. ஒரு தொகையைச் சொன்னேன். அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் பேச்சில்லை.

"நான் மட்டும் எழுதலீங்க சார். பசங்க எல்லாரும் சேந்து எழுதுனது. மூப்பன் கட்டுன பாட்டும் ஒண்ணு அதுல வருது, நெசமான பாட்டு, அவரயும் கேக்கோணும். கேட்டுட்டுச் சொல்றனுங்க."

"எப்பச் சொல்லுவீங்க?"

"சவாரி வந்துருச்சுங்க. அப்பறமாக் கூப்படறேன்."

இன்னும் கூப்பிடவில்லை. இந்த இதழ் அச்சுக்குப் போக வேண்டிய நாள் வந்துவிட்டது. அந்த நாடகத்துக்கென்று ஒதுக்கி வைத்திருந்த பக்கங்களில்தான் இதைப் போட்டிருக்கிறேன்.